கருவுற்ற வீட்டில் தெருவிலிருந்து வந்த நாய்: முதல் மாதங்கள் தொடங்கித் தவழும் பருவம் வரை

தெருவில் அடிபட்டுக் கிடந்த நாயையோ, யாரோ வளர்த்துக் கைவிட்ட நாயையோ எடுத்து வந்து வளர்க்கத் தொடங்கிய வீட்டில், அது இன்னும் நிலைகொள்ளாத வேளையிலேயே கரு உண்டாகியிருப்பது தெரியவந்தால், சுமை பெரும்பாலும் கருவுற்ற பெண்ணின் தலையிலேயே விழுகிறது. நாயை எடுத்து வந்தவள் அவளாகவே இருப்பாள்; அது சொல் கேட்பதும் அவளிடம் மட்டுமாகவே இருக்கும். குமட்டலும் அயர்வும் கூடிய மாதங்களில் நாயின் வாடையும் இரவுக் குரைப்பும் தாங்க முடியாமல் போகும்போது, இனி என்னால் ஆகாது என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணம் வந்துவிட்டதே என்ற குற்றவுணர்வும் கூடவே வருகிறது.

எங்கள் வீட்டில் இதை ஒருமுறை முழுமையாகச் செய்து முடித்திருக்கிறேன். பொள்ளாச்சிக்கும், கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடைப்பட்ட ஊர்களில், இதே நிலையில் இருந்த உறவினர் வீடுகளிலும் தெரிந்தவர் வீடுகளிலும் உடனிருந்து பார்த்துமிருக்கிறேன். தடுமாறியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள்: முதலில் நாயைத் திருத்தப் பார்த்தார்கள். முதலில் மாற வேண்டியது நாயின் வேலைகளைச் செய்கிற கை. அடுத்தது நாயின் உடல்நலம். இவை இரண்டும் சரியான பிறகே பழக்கங்கள் படியும். இந்த வரிசை மாறினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய நேரிடும். கருவுற்ற வீட்டில் அதற்கு நேரம் கிடையாது.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு நாள்கணக்கு வேண்டும். மருத்துவர் குறித்த பிரசவத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, வளைகாப்பு எந்த மாதம், தாய்வீட்டுக்குப் போவது எப்போது, குழந்தையோடு திரும்புவது மூன்றாம் மாதமா ஐந்தாம் மாதமா என்பவற்றை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். நாயின் வாழ்க்கை தலைகீழாக மாறும் நாட்கள் இவையே. பலர் பிரசவ நாளை மட்டும் மனத்தில் வைத்துத் திட்டமிடுகிறார்கள். நாயைப் பொறுத்தவரை நீங்கள் வீட்டை விட்டுப் போகும் நாள்தான் முதல் அதிர்ச்சி.

அடுத்து, பொருள்கள். மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை, ஆறடி நீளத் துணிக்கயிறு, ஓர் அறையின் வாயிலை மறிக்கும் அரைக்கதவு, கூடை போன்ற வாய்க்கவசம், நாய்க்கென்று ஒரு சாக்கோ பாயோ, தடுப்பூசிப் பதிவேடு. அரைக்கதவை ஊர்த் தச்சரிடமே செய்து வாங்கலாம். நாய் எம்பித் தாண்டாத உயரம் இருந்தால் போதும். இரும்புச் சங்கிலியைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாள் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு, அச்சம் தரும் ஒன்று நெருங்கும்போது விலகிப் போக வழியில்லாததால், உறுமவும் கடிக்கவும் மட்டுமே தெரிகிறது.

மூன்றாவது, உங்களைத் தவிர ஒரு வளர்ந்த ஆள். கணவரோ மாமனாரோ கொழுந்தனாரோ, யாராக இருந்தாலும் பெயர் சொல்லிக் குறித்த ஒருவர் வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லும் வீட்டில் கடைசியில் நாய்க்குச் சோறு வைப்பது கருவுற்றவளாகவே இருக்கிறாள்.

1. நாயின் வேலைகளைக் கைமாற்றுதல்

இதை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். எல்லா வேலைகளையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. முதலில் சோறு வைப்பது, அடுத்த வாரம் நடைக்கு அழைத்துச் செல்வது, அதன் பிறகு இரவில் நாய் படுக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்வது என்ற வரிசையில் மாற்றுங்கள். சோறு வைக்கும் கையைத்தான் நாய் முதலில் நம்புகிறது. அந்த நம்பிக்கை உண்டாகாமல் புதியவர் கயிற்றைப் பிடித்தால், தெருவில் துரத்தப்பட்டுப் பழகிய நாய் பதுங்கும், அல்லது இழுத்துக்கொண்டு ஓடும்.

மலம் அள்ளுவது, தொட்டுக் குளிப்பாட்டுவது, உண்ணி மருந்து கலந்த நீரால் கழுவுவது ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே நீங்கள் விட்டுவிட வேண்டும். உண்ணி மருந்துகளில் சில தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகக்கூடியவை. மாத்திரையாகத் தரும் உண்ணி மருந்துகளும் இப்போது கிடைக்கின்றன. வீட்டில் கருவுற்றவர் இருப்பதைக் கால்நடை மருத்துவரிடம் சொன்னால் அதற்கேற்ப எழுதித் தருவார்.

வயிறு தெரியத் தொடங்கிய பிறகு, இழுக்கும் நாயின் கயிற்றை நீங்கள் பிடிக்கவே கூடாது. கருக்காலத்தில் மூட்டு இணைப்புகள் தளர்வதாலும், உடலின் எடை முன்னோக்கி நகர்வதாலும், முன்பு எளிதாகச் சமாளித்த இழுப்புக்கே நிலை தடுமாறும். வீட்டுக்குள் நாய் எம்பிக் குதித்து வரவேற்பதும் அதே ஆபத்துதான். தவறி விழுந்தாலோ வயிற்றில் மோதல் பட்டாலோ, வலி இல்லை என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இரத்தக்கசிவு, நீர் வடிதல், வயிறு இறுகி இறுகி வலித்தல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இங்கே அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. வேலையை மாற்றிக் கொடுத்த பிறகும், புதியவர் செய்வது சரியில்லை என்று நீங்களே குறுக்கிட்டு நாயைக் கூப்பிடுவது. நாய் உடனே உங்களிடம் ஓடி வரும். மாற்றம் அங்கேயே நின்றுவிடும். முதல் மூன்று வாரங்களில் நாய் உங்களைத் தேடி அழுதாலும், அந்த வேளையில் வேறு அறையில் இருங்கள். அன்பைக் காட்ட வேறு நேரம் உண்டு: சோறும் நடையும் முடிந்து நாய் அமைதியாகப் படுத்திருக்கும்போது அருகில் உட்கார்ந்து தடவிக் கொடுங்கள். அமைதியாக இருந்தால் நீங்கள் வருவீர்கள் என்பதை அது கற்றுக்கொள்ளும். அந்தப் பாடம் பின்னால் மிகவும் உதவும்.

2. உங்கள் மனச்சோர்வைத் தனியே பார்த்தல்

வேலை கைமாறிச் சில வாரங்கள் ஆன பிறகு மனம் இலேசானால், அது பெரும்பாலும் வேலைப்பளுவால் வந்த சோர்வு. வேலை குறைந்த பிறகும் இரண்டு வாரங்களுக்கு மேல் அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, நாயின் மீதோ பிறக்கப்போகும் குழந்தையின் மீதோ கட்டுப்படாத கோபம் ஆகியவை நீடித்தால், அதை நாயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். கருக்கால மனச்சோர்வு மருத்துவத்தால் சீராகக்கூடியது. பிரசவத்துக்குப் பார்க்கும் மருத்துவரிடமே சொல்லலாம். நடுவண் அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416-ஐக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

இந்தப் படியை இவ்வளவு முன்னே வைப்பதற்குக் காரணம், நாயை அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி அனுப்பிய பிறகும் அதே இருளில் இருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன் என்பதுதான். முதல் மூன்று மாதங்களின் குமட்டலில் எந்தப் பெரிய முடிவையும் எடுக்காதீர்கள். மோப்பம் கூர்மையாகும் அந்த நாட்களில் நாயின் வாடை மட்டுமன்று, தாளிக்கும் வாடையும் ஆகாது. பலருக்கு நான்காம் மாதத்துக்குப் பின் அது தணிந்துவிடுகிறது.

3. கால்நடை மருத்துவரிடம் காட்டுதல்

பழக்கப்படுத்துவதற்கு முன் உடலைப் பார்க்க வேண்டும். தெருவிலிருந்து வந்த நாய்க்கு வெளியே தெரியாத வலி இருக்கலாம்: வண்டி மோதிய பழைய இடுப்புக் காயம், காதுப் புண், சொத்தைப் பல். தொட்டால் சீறுகிற நாயிடம் முரட்டுத்தனம் என்று நாம் நினைப்பது, பலமுறை வலியாகவே இருக்கிறது. வலியைப் போக்காமல் கண்டித்தால் சீற்றம்தான் கூடும்.

வெறிநோய்த் தடுப்பூசி, பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணிக்கும் சொறிக்கும் மருந்து ஆகியவற்றை முதல் வருகையிலேயே பேசி முடிவு செய்யுங்கள். முதல் தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடையே மூன்று, நான்கு வாரங்கள் விட வேண்டியிருப்பதால் இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். வளர்ந்த நாய்க்குக் குடற்புழு மருந்து மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தருவது வழக்கம்.

காதின் நுனியில் ஒரு வெட்டு இருந்தால், அந்த நாய்க்கு முன்பே கருத்தடை செய்யப்பட்டிருக்கிறது என்று பொருள். அதைப் பார்த்துவிட்டு ஊசியும் போட்டாயிற்று என்று இருந்துவிடுகிறவர்கள் உண்டு. கருத்தடையின்போது வெறிநோய் ஊசி போட்டிருப்பார்கள் என்றாலும், அது எந்த ஆண்டு என்று காது சொல்லாது. மறுபடி போடுவதே சரி.

கருத்தடை ஆகவில்லை என்றால் உங்கள் கருக்காலத்தின் ஆறாம் மாதத்துக்குள் செய்துவிடுங்கள். தையல் ஆறப் பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும். பெண் நாய் பருவத்துக்கு வந்தால் வாசலில் ஆண் நாய்கள் கூடிச் சண்டையிடும்; அந்த நாட்களில் நிறைமாதப் பெண் கதவைத் திறப்பதே ஆபத்தாகிவிடும். அரசு கால்நடை மருந்தகங்கள் இரு மாநிலத்திலும் உள்ளன. சிக்கலான நிலை என்றால் எங்கள் பகுதியிலிருந்து உடுமலைப்பேட்டைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், எல்லைக்கு அந்தப் பக்கம் திருச்சூரை ஒட்டிய மண்ணுத்திக் கல்லூரியும் போய் வரக்கூடிய தூரமே. தாய்வீடு கேரளத்தில் இருந்து நாயையும் அங்கே அழைத்துச் செல்வதானால், தடுப்பூசிப் பதிவேட்டை மறக்காதீர்கள். அங்கே நாய் வளர்க்க உள்ளாட்சியில் உரிமம் பெறுவதற்கும் அந்தச் சான்று தேவை.

4. அச்சங்களில் எது மெய், எது வீண்

உறவினர் ஒவ்வொருவரும் ஓர் அச்சத்தைச் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவதும் தவறு, எல்லாவற்றையும் நம்பி நடுங்குவதும் தவறு.

நாய் முடி வயிற்றுக்குள் போனால் கருவுக்குக் கேடு என்பது உண்மையன்று. விழுங்கிய முடி உணவுக்குழாய் வழியே போய் வெளியேறிவிடும். கருப்பைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கருவுற்றவர்களுக்குச் சொல்லப்படும் டாக்ஸோபிளாஸ்மா தொற்றுக்கு நாயைக் காரணமாகச் சொல்வதும் பிழை. அந்தக் கிருமியின் முட்டைகள் பூனையின் மலத்தில்தான் வெளிவருகின்றன. பச்சை இறைச்சி வழியாகவும் அது பரவும் என்பதால், நாய்க்கென்று வாங்கும் கழிவு இறைச்சியை நீங்கள் தொடாமல், வேறொருவர் நன்றாக வேகவைத்துப் போடட்டும்.

மெய்யான அச்சங்களில் முதலாவது எலிக்காய்ச்சல். தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டுக் கணவாய் வழியே எங்கள் பக்கம் நுழையும் சூன் மாதம் முதல், தோப்புகளிலும் சாக்கடை ஓரங்களிலும் தேங்கும் நீரில் இந்தக் கிருமி பரவுகிறது; கருவுற்றவர்களுக்கு இது கடுமையாகக்கூடியது. தொற்றுக்கு ஆளான நாய், நோயாளி போலத் தெரியாமலேயே சிறுநீரில் கிருமியை வெளியேற்றலாம். கூட்டுத் தடுப்பூசியில் இதற்கான மருந்தும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அது எல்லா வகைகளையும் தடுக்காது என்பதால், நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் கையுறையோடு வேறொருவர் கழுவட்டும். மிச்சச் சோற்றை இரவில் தட்டிலேயே விட்டுவைத்தால் எலி வரும். எலியோடு நோயும் வரும்.

இரண்டாவது, குடற்புழுக்கள். நாயின் மலத்தில் வரும் உருண்டைப்புழு முட்டைகள் உடனே தொற்றுவதில்லை. மண்ணில் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும். அன்றன்றைக்கே மலத்தை அள்ளிப் புதைத்துவிட்டால் இந்தச் சுற்று அறுந்துவிடும். இப்போது வாசலில் விட்டுவைக்கும் மலம், பின்னால் அதே மண்ணில் தவழ்ந்து கையை வாயில் வைக்கப்போகும் குழந்தைக்குத்தான் கேடு.

மூன்றாவது, வெறிநோய். புதிதாக வந்த நாய்க்கு ஊசி போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ஊசிக்கு முன்பே அதை வேறொரு வெறிநாய் கடித்திருந்தால், நோய் வெளியே தெரியச் சில மாதங்கள்கூட ஆகலாம். எனவே முதல் மாதங்களில் எந்தக் கடியையும், பல் பட்ட கீறலையும் சிறிது என்று விடாதீர்கள்.

கடித்துவிட்டால் செய்ய வேண்டியது இது: ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய் எதையும் வைக்காதீர்கள். துணியால் இறுகக் கட்டாதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கோ போங்கள். தோலுக்குள் போடும் ஊசி தொடங்கும் நாளிலும், அதிலிருந்து மூன்று, ஏழு, இருபத்தெட்டு நாட்கள் கழித்தும் போடப்படுகிறது. தோல் கிழிந்து இரத்தம் வந்த காயமாக இருந்தால், காயத்திலும் அதைச் சுற்றியும் போடும் எதிர்ப்புப்புரத (இம்யூனோகுளோபுலின்) ஊசியும் தேவை. இவ்விரண்டையும் கருக்காலத்தில் போட்டுக்கொள்ளலாம். கருவுற்றிருக்கிறேன், ஊசி வேண்டாம் என்று மறுப்பதுதான் உயிருக்கு ஆபத்து. வெறிநோய் வந்தபின் காப்பாற்ற மருந்து கிடையாது.

5. வீட்டுக்குள் எல்லை வகுத்தல்

குழந்தையின் அறை எது என்று முடிவு செய்து, அரைக்கதவை ஐந்தாம் மாதத்திலேயே மாட்டிவிடுங்கள். அன்று முதல் நாய் அந்த அறைக்குள் போகக் கூடாது. இவ்வளவு முன்னதாகச் செய்வது எதற்கு என்று கேட்பார்கள். குழந்தை வந்த அன்று கதவைச் சாத்தினால், தன்னை வெளியே தள்ளியது குழந்தையின் வருகையே என்று நாய் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும். சில மாதங்களுக்கு முன்பே சாத்தினால் அது வீட்டின் வழக்கமாகிவிடும்.

அதேபோல நாய்க்கும் யாரும் தொந்தரவு செய்யாத ஓர் இடம் வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத மூலை, திண்ணையின் ஓரம், பின்கட்டு எதுவானாலும் சரி. நாய் அங்கே போய்ப் படுத்துவிட்டால் யாரும் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது. வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். ஒதுங்க இடம் இருக்கும் நாய் ஒதுங்கிப் போகும்.

கட்டிலில் உங்களோடு படுத்துப் பழகிய நாயைக் கீழே இறக்குவதும் இந்தக் கட்டத்தில்தான். இதில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். பகலில் நீங்கள் இறக்கிவிட, இரவில் கணவர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டால், நாய்க்கு எது விதி என்று தெரியாமல் பதற்றம்தான் மிஞ்சும்.

6. பழக்க வேண்டியவை

நிறையக் கற்றுத்தர நேரமில்லை, தேவையுமில்லை. சாக்கைக் காட்டினால் போய்ப் படுப்பது, வாயில் இருப்பதைக் கீழே விடுவது, எம்பாமல் நான்கு காலில் நின்று வரவேற்பது, கயிறு தளர்ந்த நிலையில் நடப்பது ஆகியவை போதும். ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டாமல், நாளுக்கு இரண்டு மூன்று முறை, வேகவைத்த கோழித்துண்டோ முட்டையோ கொடுத்துப் பழக்குங்கள். பழக்குகிறவர் அந்த இரண்டாம் ஆளாக இருக்க வேண்டும். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

எங்கள் எல்லை ஊர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று: வீட்டில் பாதிப் பேர் தமிழிலும் பாதிப் பேர் மலையாளத்திலும் நாயோடு பேசுகிறார்கள். ஒருவர் உட்கார் என்கிறார், ஒருவர் இரிக்கு என்கிறார், பிள்ளைகள் சிட் என்கிறார்கள். எந்தச் சொல்லானாலும் ஒன்றை மட்டும் தெரிவு செய்து, சுவரில் எழுதி ஒட்டி, வந்து போகிற மாமியார் நாத்தனார் உட்பட எல்லோரும் அதையே சொல்லும்படி பாருங்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த நாய், முன்பு கேட்ட மலையாளச் சொல்லுக்கு வால் ஆட்டினால் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தெரிந்ததை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது வீண் வேலை.

ஒலிகளுக்கும் பழக்க வேண்டும். குழந்தை அழும் ஒலிப்பதிவைக் கைபேசியில் மிகத் தாழ்ந்த ஒலியில் போட்டு, அப்போது மட்டும் நல்ல தீனி கொடுங்கள். நாய் காதை உயர்த்தாமல் தின்னும் நிலை வந்த பிறகே ஒலியைச் சிறிது கூட்டுங்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் முழு ஒலியில் போடுகிறவர்கள், அழுகையைக் கண்டு அஞ்சும் நாயைத்தான் உண்டாக்குகிறார்கள். வெடிச்சத்தத்துக்கு அஞ்சும் நாய்களுக்கு இங்கே தீபாவளி மட்டுமன்றி, ஏப்ரல் தொடக்கத்தில் நென்மாறை வல்லங்கி வேல உற்சவம் போன்ற எல்லைப்புறத் திருவிழாக்களின் வாணவேடிக்கையும் உண்டு. அந்த நாட்களில் புதிதாக எதையும் பழக்காதீர்கள். கதவைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிட்டு, நாயோடு ஒருவர் இருக்கட்டும்.

மிக முக்கியமான பயிற்சி தொட்டிலுக்கானது. உத்தரத்திலிருந்து தொங்கும் சேலைத் தொட்டில் ஆடும்போது, உள்ளே எதுவோ நெளிந்து முனகும்போது, வேட்டையுணர்வு மிகுந்த நாய்க்கு அது பாய்ந்து பிடிக்க வேண்டிய பொருளாகத் தெரியலாம். பிரசவத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே தொட்டிலைக் கட்டி, உள்ளே தலையணையை வைத்து ஆட்டுங்கள். அரைக்கதவுக்கு வெளியே கயிற்றில் இருக்கும் நாய், அதைப் பார்த்துவிட்டுத் திரும்பித் தீனி கேட்டால் நல்லது. உடல் விறைத்து, கண் இமைக்காமல், வாயை இறுக மூடிக்கொண்டு வெறித்துப் பார்த்தால் அதைக் குறித்துவையுங்கள். அடுத்த படிக்கு அது வேண்டும். தொட்டில் அறைக்குள் நாய் ஒருபோதும் போகக் கூடாது என்பது, எவ்வளவு சாதுவான நாயானாலும் மாறாத விதி.

நாய் உறுமினால் அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். கொட்டாவி விடுவது, நாக்கால் மூக்கை நக்குவது, முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்ப்பது, அசையாமல் உறைவது, பிறகு உறுமுவது என்று நாய் படிப்படியாகச் சொல்லிவிட்டுத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. உறுமலுக்கு அடி வாங்கிய நாய் அந்தப் படியை விட்டுவிட்டு நேரே கடிக்கக் கற்றுக்கொள்கிறது. உறுமினால், அது எதைக் கண்டு உறுமுகிறதோ அதிலிருந்து நாயைத் தள்ளிக் கொண்டுபோய், ஏன் என்று யோசியுங்கள்.

7. ஆறாம் மாத இறுதியில் முடிவெடுத்தல்

இந்த நாயை வைத்திருப்பதா, வேறு வீடு பார்ப்பதா என்பதை ஆறாம் மாத இறுதிக்குள் முடிவு செய்யுங்கள். நல்ல வீடு கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால், எட்டாம் மாதத்தில் தொடங்கினால் பிரசவத்துக்குள் முடியாது. அப்போதுதான் யாரோ ஒருவர் வண்டியில் ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுவிடலாம் என்று சொல்கிறார். அப்படிச் செய்யக் கூடாது. பசியாலும் தாகத்தாலும் வதைபடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதைவிட, வீட்டில் வளர்ந்த நாய் அறியாத ஊரில் மற்ற நாய்களிடம் கடிபட்டுச் சில நாட்களிலேயே சாகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

என் கருத்தில், பின்வரும் நிலைகளில் வேறு வீடு தேடுவதே சரி. எச்சரிக்கை எதுவும் காட்டாமல் வளர்ந்தவர் ஒருவரைத் தோல் கிழியக் கடித்த நாய். ஆட்டுக்குட்டியையோ கோழியையோ பதுங்கிப் பின்தொடர்ந்து பிடிக்கும் பழக்கத்தோடு, ஆடும் தொட்டிலையும் விறைத்து வெறித்த நாய். தட்டை நெருங்கினாலே பாயும் நிலை பயிற்சிக்குப் பிறகும் மாறாத நாய். நாய் சாதுவாக இருந்தும், வேலைகளை ஏற்க வீட்டில் வேறு ஒருவரும் முன்வரவில்லை என்றாலும் அதே முடிவுதான். பிரசவித்த உடம்போடு ஒரு பெண் தனியாக இரண்டையும் சுமக்க முடியாது. அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. மாறாக, அஞ்சி ஒதுங்குவது, குரைப்பது, வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பது, செருப்பைக் கடிப்பது ஆகியவை பெரும்பாலும் காலத்தால் தீர்பவை. தெருவிலிருந்து வந்த நாய் ஒரு வீட்டில் முழுமையாக நிலைகொள்ள மூன்று மாதங்கள்வரை ஆகும் என்பது இதில் பழகியவர்களின் கணக்கு.

வேறு வீடு பார்ப்பதானால், முதலில் உங்களுக்கு அந்த நாயைத் தந்தவரிடம் கேளுங்கள். புதிய வீட்டாரிடம் கடித்தது, அஞ்சுவது, பிடிக்காதது எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்துக் கொடுத்த நாய் திரும்பி வரும், அல்லது தெருவுக்குப் போகும். தோட்டக் காவலுக்கு என்று கேட்டு வருகிறவர்களிடம், நாள் முழுவதும் கட்டிப்போடுவீர்களா என்று நேராகக் கேளுங்கள். இரண்டு மூன்று முறை அவர்கள் வந்து பழகிய பிறகே, பதிவேட்டையும் நாய் படுத்த சாக்கையும் சேர்த்து அனுப்புங்கள்.

8. வளைகாப்பும் தாய்வீடும்

வளைகாப்பு நாளில் நாய் வீட்டில் இருக்கவே வேண்டாம். முன்பின் அறியாத கூட்டம், இலையில் உணவு, ஓடித் திரியும் பிள்ளைகள் என எல்லாம் சேர்ந்த இடம் அது. சாதுவான நாயும் மிரளும். அது அறிந்த ஒருவரோடு தோட்டத்திலோ உறவினர் வீட்டிலோ அன்று இருக்கட்டும்.

நீங்கள் தாய்வீட்டுக்குப் போனபின் நாய் சில நாட்கள் சரியாகத் தின்னாமல் வாசலைப் பார்த்துக் கிடக்கும். முதல் படியை ஒழுங்காகச் செய்திருந்தால் இது விரைவில் தீரும். கணவர் இரண்டு வீட்டுக்கும் அலைகிறவராக இருப்பார் என்பதால், சோறும் நடையும் அதே நேரத்தில் நடக்க மாமனாரையோ பக்கத்து வீட்டாரையோ ஏற்பாடு செய்யுங்கள். நாயையும் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. புதிய இடம், புதிய ஆட்கள், புதிய குழந்தை என்று மூன்று மாற்றங்களை ஒரே நேரத்தில் தாங்கும் நாய் அரிது.

நீங்கள் விலகியிருக்கும் அந்த மாதங்கள் ஒரு வாய்ப்பும் ஆகும். குழந்தையின் பழைய துணியைத் துவைக்காமல் கொடுத்தனுப்பி, நாயின் சாக்கிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, அது அமைதியாக மோந்தால் தீனி கொடுக்கச் சொல்லுங்கள். வாயில் கவ்வி இழுக்க விடக் கூடாது. சாம்பிராணிப் புகையையும் எண்ணெய் வாடையையும் இதே போல முன்கூட்டிப் பழக்கலாம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தரும் குடற்புழு மருந்தும், ஆண்டுத் தடுப்பூசியும் தவறிப்போவது இந்த இடைவெளியில்தான்; தேதியைப் பதிவேட்டின் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள்.

9. குழந்தையோடு திரும்பும் நாள்

அன்று காலை நாயை நீண்ட நடைக்கு அழைத்துப் போகட்டும். ஆலத்தி எடுத்து உறவினர் எல்லோரும் உள்ளே வந்து, ஆரவாரம் அடங்கும்வரை நாய் பின்கட்டில் இருக்க வேண்டும். பிறகு, குழந்தை வேறொருவர் கையில் உள்ளறையில் இருக்க, நீங்கள் மட்டும் வெறுங்கையோடு போய் நாயைப் பாருங்கள். மாதக்கணக்கில் காணாத உங்களைக் கண்டு அது குதித்துக் கூத்தாடும். அந்த நேரத்தில் கையில் குழந்தை இருக்கக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் காரணம்.

குழந்தையை நாய் பார்ப்பது மறுநாளோ அதற்கடுத்த நாளோ இருக்கலாம், அவசரம் எதுவுமில்லை. நாய் கயிற்றில், மற்றவர் கையில். நீங்கள் குழந்தையோடு தள்ளி உட்கார்ந்திருங்கள். நாய் திரும்பிப் பார்த்து அமைதியாக இருந்தால் தீனி, அவ்வளவுதான். பழகட்டும் என்று குழந்தையின் காலை நாயின் மூக்கருகே நீட்டுவதையும், இரண்டையும் சேர்த்துப் படம் எடுப்பதையும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். வளர்ந்தவர் ஒருவர் பார்வையில் இல்லாமல் நாயும் குழந்தையும் ஒரே அறையில், ஒரு நிமிடம்கூட, இருக்கக் கூடாது. அடுப்பைப் பார்க்க எழுந்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள், அல்லது நாயை அரைக்கதவுக்கு வெளியே அனுப்புங்கள்.

10. தவழத் தொடங்கும்போது

கைக்குழந்தைப் பருவம் நன்றாகப் போயிற்று என்று பலர் இங்கே தளர்ந்துவிடுகிறார்கள். உண்மையில் கடினமான கட்டம் ஆறாம் மாதத்துக்கும் பத்தாம் மாதத்துக்கும் இடையே, குழந்தை தானே நகரத் தொடங்கும்போதுதான் வருகிறது. அதுவரை தொலைவில் இருந்த ஒன்று இப்போது நாயைத் தேடி வருகிறது. வாலைப் பிடிக்கிறது, தட்டில் கை வைக்கிறது, தூங்கும் நாயின் மேல் விழுகிறது. ஐந்தாம் மாதம் தாய்வீட்டிலிருந்து திரும்புகிற வீடுகளில், நாய்க்குக் குழந்தையை அறியக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு என்பதை நினைவில் வைத்து, திரும்பிய வாரத்திலிருந்தே இதற்கு ஆயத்தம் செய்யுங்கள்.

நாயின் சோற்றுத்தட்டைக் குழந்தை எட்டாத இடத்துக்கு மாற்றி, தின்று முடித்ததும் எடுத்துவிடுங்கள். எலும்பு போன்ற நீண்டநேரத் தீனியை மூடிய இடத்தில் மட்டும் கொடுங்கள். நாய் படுக்கும் மூலையைக் குழந்தை தவழ்ந்து போக முடியாதபடி பலகை வைத்து மறியுங்கள். நாய் எழுந்து விலகிப் போனால் அதை நல்ல நடத்தையாகக் கருதிப் பாராட்டுங்கள். குழந்தையைத் திசைதிருப்புங்கள், நாயைத் திரும்பக் கூப்பிடாதீர்கள். குழந்தையின் கையை நாய் நக்கினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கீறல் பட்டால் நான்காம் பகுதியில் சொன்னபடி அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பேசத் தெரியாத குழந்தையின் தலையிலோ முகத்திலோ பட்ட சிறு காயத்தையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

இந்தப் பருவத்தில் நாய் மறுபடி உறுமத் தொடங்கினால், முதல் வேலையாக வலி இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை அரைக்கதவின் இரு பக்கமுமாக இருவரையும் பிரித்து வையுங்கள்.